கடைசி நாற்காலி கிளாரினெட்

ஜூன் 14

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே? போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

புதிய பள்ளியில் வாத்தியக் குழுவை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முப்பத்தெட்டுப் பிள்ளைகள். செப்டம்பரில் ஆண்டு விழா. கிளாரினெட் வரிசையில் சுருதி சேரவில்லை. யாரென்று கண்டுபிடிக்க ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னேன். கடைசி நாற்காலிப் பெண்ணுக்கு வெறும் காற்றுதான் வந்தது. "மறுபடி" என்றேன். ஐந்து தடவை. பின்னால் யாரோ சிரித்தார்கள். கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் போனவள்தான். நேற்று அவள் அப்பா, பஸ் டிரைவர், பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "வேணாம் டீச்சர். வீட்ல அவ யார்கிட்டயும் பேசவே மாட்டேங்கிறா."

இந்தக் காலத்துப் பிள்ளைகளை ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நீயும் பதினாலு வயதில் கிளாரினெட்டைத் திருப்பிக் கொடுத்தவள்தானே. ஏன் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ அன்றைக்கே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி வாத்தியக் குழுவில் எங்கள் கிளாரினெட் வரிசைக்குத் தலைவி. தங்கச்சிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று என்னைத்தான் முதலில் எழுப்பினாய். ஒரே நாலு அடியை ஒன்பது தடவை வாசிக்க வைத்தாய். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உதடு நடுங்கினால் சுருதி எங்கே நிற்கும்? வீட்டுக்கு வந்து, பல் வலி என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு அழுதேன். உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தது நீதான்.

இப்போது பல் மருத்துவமனையில் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைப்பதுதான் எனக்கு நாள் முழுக்க வேலை. அதட்டினால் இன்னும் இறுக்கிக்கொள்வார்கள். எதற்கும் அந்தப் பெண்ணின் கருவியைச் சோதித்துப் பார். பழுது அதிலும் இருக்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே.

சின்னு

ஜூலை 22

அன்புள்ள சின்னு,

கோபித்துக்கொண்டேன். ஒரு பதில் எழுதிக் கிழித்தும் போட்டேன்.

பிறகு கருவியை நானே வாசித்துப் பார்த்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை. அடுத்த நாள் என் வகுப்பைப் போனில் பதிவு செய்து கேட்டேன். ஐம்பது நிமிட வகுப்பில் இருபத்தேழு நிமிடம் நான்தான் பேசியிருக்கிறேன்! பிள்ளைகள் வாசித்தது பதினெட்டு நிமிடம்.

இப்போது எதையும் முதலில் வாயால் பாடச் சொல்கிறேன். பிறகு இரண்டிரண்டு பேராக மெதுவாக வாசிக்கிறார்கள். எங்கே பிசகியது என்று அவர்களே காதால் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். நான் ஒரு நேரத்தில் ஒரு குறைதான் சொல்வது. மற்றதைச் சொல்லிவிடாமல் வாயை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

அன்று செய்தது தப்பு என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன். டிரம்பெட் பையன் ஒருவன், "அவகிட்ட சொல்லாம எங்ககிட்ட ஏன் டீச்சர் சொல்றீங்க?" என்றான். சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டுக்கொண்டாள். "வாசிக்க மாட்டேன் டீச்சர். வந்து கேக்கலாமா?" என்றாள். இப்போது தினமும் வந்து பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒன்றும் கேட்பதில்லை.

உன்னிடமும் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பிவிட்டுத் தப்பிக்க மனம் வரவில்லை. நேரில் சொல்கிறேன். விழாவுக்கு வா.

அக்கா

செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

விழாவுக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன். திட்டாதே.

கடைசி வரிசையில் என் பக்கத்தில் ஒரு பெண். நிகழ்ச்சி முழுக்க அவள் விரல்கள் முழங்கால்மேல் கிளாரினெட் வாசித்துக்கொண்டே இருந்தன. ஓர் இடமும் தப்பவில்லை.

"நீ ஏன் மேடைல இல்ல?" என்றேன்.

"அடுத்த வருஷம் வாசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"டீச்சர்கிட்டயா?"

"இல்ல ஆன்ட்டி, எனக்கு நானே."

இரண்டாவது பாட்டில் டிரம்பெட் ஒன்று தாளத்தில் பின்தங்கிவிட்டது. பழைய அக்கா அந்தப் பையனைப் பார்வையாலேயே எரித்திருப்பாள். நீ அவன் பக்கம் திரும்பவே இல்லை. தாளம் காட்டிய கையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினாய். மொத்தக் குழுவும் அவனுக்காக நிதானித்து, அவனையும் சேர்த்துக்கொண்டு போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முகத்தோடு மேடைக்குப் பின்னால் வர வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். சொல்ல வேண்டியதை வந்து சொல்லு. இந்தத் தடவை "சரிக்கா" என்று பாதியில் எழுந்துவிட மாட்டேன்.

சின்னு