முரசு மேடையில் உன் பாட்டு

அன்பு மகள் சிகுசாவுக்கு,

ஆகஸ்ட் முடியப் போகிறது, புழுக்கம் மட்டும் போகவில்லை. உன் டோக்கியோ அறையில் மின்விசிறியாவது ஒழுங்காகச் சுற்றுகிறதா? இங்கே நான் நலம். தோள்பட்டை மட்டும் நலமில்லை, காரணம் நீதான்.

"எங்க பாட்டுக்கு யாருமே ஆடறதில்லப்பா, கையக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. கிட்டார வித்துடப் போறேன்" என்று போனில் சொன்னாயே, அன்று கடைக்கு முடிவெட்ட வந்த ஒரு பாவப்பட்டவருக்குக் காதுக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டேன்.

மறுநாள் சவரத்துக்கு வந்தவர் விழாக் குழுத் தலைவர் குரோநுமா. நுரை பூசி, கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகுதான் கேட்டேன், முன்னோரை வரவேற்கும் ஓபோன் விழா நடனத்தில் என் மகள் பாட்டைப் போடலாமா என்று. "கிட்டாரா? வருஷத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கு வர்ற செத்தவங்க, வந்த வழியே ஓடிடுவாங்கய்யா!" என்றார். அவர் ஆண்டுதோறும் போடும் 'நம்ம பழைய பாட்டு' முழுக்கச் சாக்ஸபோன் அழுகிறதே, அது எந்தக் கோயிலில் பிறந்தது என்று கேட்டேன். யோசித்தார். கத்தியும் காத்திருந்தது. "சரி, ஒரே ஒரு தடவ" என்றார்.

விழாவில் நடு மேடையேறி முரசடிப்பவன் நான்தானே. உன் பாட்டு தொடங்கியது. அந்த ஜமைக்காத் தாளம் இருக்கிறதே, விழவேண்டிய இடத்தை விட்டு அடுத்த வீட்டில் போய் விழுகிறது! நான் வழக்கமான இடத்திலேயே அடிக்க, முரசும் கிட்டாரும் மாமியார் மருமகள் போல ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. மேடையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. ஒருவர் பின் ஒருவராகக் கையைக் கட்டினார்கள். நான் முரசுக் குச்சியைக் கீழே வைக்கப் போனேன்.

அப்போது மீன்கடை தோகி அக்கா கீழேயிருந்து, "டேய் கத்திரிக்கோலு! நிறுத்தாத, நீ அடி! நீ அடிக்காத எடத்துலதான்டா கால் தூக்கணும்!" என்று கத்திவிட்டு, கணவாய் மீனைக் கொடியில் உலர்த்துவது போல இரண்டு கையையும் வீசி ஆடினாள். அவள் பின்னால் பள்ளிப் பிள்ளைகள், அவர்கள் பின்னால் படகுக்காரர்கள். நீ நடுவில் சேர்த்திருக்கும் நம்மூர் வலையிழுக்கும் கூவல் வந்ததும் துறைமுகமே பதில் கூவியது, மகளே! திரும்பத் திரும்பப் போட்டோம். கடைசி முறை கேட்டு வாங்கியவர் குரோநுமா. அதனால்தான் இந்தத் தோள்.

செத்தவர்கள் ஓடினார்களா என்று கேட்பாய். உன் அம்மாவை எனக்குத் தெரியும். ஆட்டம் முடியாமல் அவள் எந்த விழாவிலிருந்தும் கிளம்பியதில்லை.

கிட்டாரை விற்காதே. அடுத்த ஓபோனுக்கு அதையும் தூக்கிக்கொண்டு வா. மேடை சின்னதுதான், நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொள்கிறேன்.

நீ தொடும் கம்பியெல்லாம் பாடட்டும்.

இப்படிக்கு,
தாளம் தப்பியும் கைதட்டல் வாங்கிய உன் அப்பா,
இசாவோ