ஊற்றிய கையும் சொன்ன வாயும்

என் அன்பான உபதேசியாருக்கு,

ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த நானும் இருபத்திரண்டு வருடம் அப்படியே கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் பயம்தான். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்கப் போவதில்லை. கோயிலில் செபப் புத்தகத்துக்குள் வைப்பேன். யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும்.

உங்களுக்குப் பிறகு புது உபதேசியார் யாரும் வரவில்லை. மாதம் ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து சைக்கிளில் வரும் பங்குச் சாமியார், ஆள் கிடைக்கிறவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பூசை முடிந்ததும் சொல்லிவிட்டுப் போனார். அவர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். ஊர்க்காரர்கள் அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். மணி அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படித்துக் கொடுப்பது, சாவு வீட்டில் செபமாலை சொல்வது, எல்லாம் நான்தான். பொய் சொல்ல மாட்டேன், பெருமையாகத்தான் இருந்தது. நீங்கள் கண்ணாடி போட்டுத் தடவித் தடவிப் படித்ததை நான் வெறுங்கண்ணால் படிக்கிறேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு, சாமியார் பக்கத்தில் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது எனக்குத் தெரியும். நீங்கள் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் என்றால் அதில் நானும் உண்டு என்பதுதான் உறைக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் சவரியம்மாளின் மாமியார் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். சவரியம்மாளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் உங்களிடம் ஒப்பித்து, புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கிய பெண். வெங்காயக் காட்டில் வேலையாக இருந்தபோது வலி வந்து, எட்டாம் மாதத்திலேயே தலைப்பிள்ளையைப் பெற்றுவிட்டாள்.

"உபதேசியாரம்மா, பிள்ளை நீலம் பாரிச்சுக் கெடக்கு. தாங்காதுன்னு மருத்துவச்சி சொல்றா. நீங்கதான் வரணும்."

ஓடினேன். செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். மருத்துவச்சி பிள்ளையை ஏந்திப் பிடித்திருந்தாள். நமக்கென்று ஒன்று பிறக்காததால் அன்று பிறந்த பிள்ளையை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. என் உள்ளங்கை அளவுதான் தலை. தண்ணீர் ஊற்றினால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். எப்படியோ ஊற்றினேன். ஈர மயிர் நெற்றியில் ஒட்டியது நினைவிருக்கிறது. பிள்ளை ஒருதரம் சிணுங்கியது. திரேசம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே புதைத்தோம். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை ஆயிற்றே. நான்தான் செபம் சொன்னேன். என் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

எட்டு நாள் கழித்துச் சவரியம்மாளைப் பார்க்கப் போனேன். அழுது ஓய்ந்து தெளிந்த முகமாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்கு அன்னைக்கு வாயே வரலம்மா. ஒதடு மட்டும் ஆடுச்சு. அதான் நீங்க ஊத்துறப்ப நானே படுத்த வாக்குல சொல்லிட்டேன். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து, எல்லாம் தப்பில்லாமச் சொன்னேன். நாம ரெண்டு பேருமாச் சேந்துல்ல அவளைக் கரையேத்துனோம்."

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். நான் கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஊற்றுகிறவரேதான் வார்த்தையையும் சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொன்னால் அது செல்லாது என்று நீங்கள் மருத்துவச்சிகளையும் இளவட்டங்களையும் நம் வீட்டில் உட்கார வைத்து எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! நான் அடுப்பங்கரையில் வெஞ்சனம் வதக்கிக்கொண்டே கேட்டவள்தானே. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தீர்கள், இந்தா நீயும் வந்து உட்கார் என்று என்னை ஒருநாள் கூப்பிட்டீர்களா?

உதடு ஆடியது என்கிறாளே, அது என்ன சொல்லி ஆடியது? முணுமுணுப்பாகவாவது சொன்னேனா? எத்தனை முறை யோசித்தாலும் அந்த ஈர மயிர்தான் நினைவுக்கு வருகிறது, வார்த்தை வரவில்லை. ஒரு சுரைக்காயை மடியில் வைத்து, தண்ணீர் ஊற்றி, எனக்கு வாய் வருகிறதா என்று பார்த்தேன். பாதி வார்த்தையில், சுரைக்காய்க்கு ஞானஸ்நானம் கொடுப்பது என்ன பாவமோ என்று அதற்கும் பயந்து நிறுத்திவிட்டேன். சிரிக்காதீர்கள். அன்றைக்குக் குழம்பு வைக்கவும் மனசு வரவில்லை.

நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். சூசை வீட்டுப் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போனபோது, கல்லறைத் தோட்டத்துக் கள்ளி வேலிக்கு வெளியே இடம் காட்டியவர் நீங்கள். சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்று அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நாமெல்லாம் உள்ளே மெழுகுவத்தி ஏற்றும்போது சூசையின் பெண்சாதி வேலிக்கு வெளியே முள்ளுக்குள் குனிந்து ஒன்றை ஏற்றுவாள். அந்தப் பக்கம் நீங்கள் திரும்பியே பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வருகிறார். யார் ஊற்றினார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டுத்தான் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதுவார். நானும் சேந்து குடுத்தேன் சாமி என்று சொல்லச் சவரியம்மாள் ஆசை ஆசையாகக் காத்திருந்தாள். சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் மாறியிருக்கும். அதை அவள் பார்த்திருப்பாள்.

நானும் சொன்னேன், உனக்குத்தான் கேட்கவில்லை என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அன்றைக்கு வந்த மருத்துவச்சி நம் வேதத்துக்காரி இல்லை, உங்களிடம் படித்தவளும் இல்லை, அவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மூன்று நாள் அந்தப் பொய்யை வாய்க்குள்ளேயே வைத்துச் சுற்றினேன். பொய் சொன்னதற்கு உங்களிடம் எப்படியாவது மன்னிப்பு வாங்கிவிடுவேன். ஆனால் நானே சொன்னேன் என்றாகிவிட்டால் சவரியம்மாள் சொன்ன வார்த்தை கணக்கில் இல்லாமல் போய்விடும். பெற்றெடுத்த களைப்பிலும், சாகிற பிள்ளைக்கு ஆக வேண்டியதைப் பயப்படாமல் செய்தவள் அவள் ஒருத்திதான்.

இன்று காலையில் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாளைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அப்ப எம் பிள்ளைய வேலிக்கு அங்கிட்டு எடுத்துப் போட்ருவாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

சாமி என்ன சொல்லுவாரென்று தெரியவில்லை தாயி என்றேன். தோண்டியெல்லாம் எடுக்க மாட்டார் என்று தேற்றியிருக்கலாம். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன்? சட்டப்படி என்ன ஆகும் என்று உங்களைத்தானே கேட்க வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இடம் காட்டியிருப்பீர்களா?

கோபித்துக்கொள்ளாமல் இதைக் கேளுங்கள். திரேசம்மாளைப் புதைத்திருப்பது உங்கள் பக்கத்தில். எனக்கென்று விட்டு வைக்கச் சொன்னீர்களே, அந்த இடத்தில். சின்னக் குழிதானே, பிறகு எனக்கும் இடம் இருக்கும் என்று நான்தான் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் எதையும் மறைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. நடந்ததை நடந்தபடி சாமியாரிடம் சொல்வேன். அவள் உள்ளேயே இருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால் காலம் வரும்போது நானும் வந்து உங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். வெளியே என்று சொன்னால், எனக்கும் கள்ளி வேலிக்கு வெளியே, அவள் பக்கத்திலேயே குழி வெட்டச் சொல்லி அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுவேன். இதைச் சவரியம்மாளிடமும் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பகல்கூட முழுசாக இருக்காத பிள்ளை, அவளைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. அப்படி ஆகிவிட்டால், நீங்கள் என்னைத் தேட வேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பாருங்கள், போதும்.

பயத்தோடும் பிரியத்தோடும்,
உங்கள் வீட்டுக்காரி
ஆரோக்கியம்