ஓடை வாயில் ஒரு புது வலை

அணைக்கரைக் கூட்டத்தில் இன்று காலை இருந்தவர்கள்: கீழேயிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி, அவருக்குக் குடை பிடித்த ஓட்டுநர், மீன் குத்தகை கேட்டு அலைகிறவர், பளியர் குடியிருப்பின் மீன் சங்கத்தார் ஆறு பேர், அவர்களுக்கு இப்போது தலைவியான உங்கள் மகள், சங்கக் கணக்கு எழுதுகிற நான். நீங்கள் இல்லை அக்கா. இருந்திருந்தால் கூட்டம் இவ்வளவு மரியாதையாக நடந்திருக்காது.

குத்தகைக்காரர் சங்கத்துக்கு அன்பளிப்பு என்று ஒரு வலையைக் கரையில் போட்டார். கடை வாசனை போகாத நைலான். அதன் கண்ணில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. நீங்கள் மூன்று விரலை விட்டுப் பார்த்துத்தான் எந்த வலையையும் தண்ணீரில் இறக்கவிடுவீர்கள். முன்பு ஒருமுறை இப்படி ஒன்றைக் கொண்டுவந்தவன் தோளிலேயே அதைத் திருப்பிப் போட்டு, "ஏலே, இது கொசுவலை. வீட்டுக் கட்டில்ல கட்டு, போ" என்றீர்கள்.

மழை தொடங்கியதிலிருந்து சங்கம் ஒரு மீனும் பிடிக்கவில்லையாம். பயன்படுத்தாதவர்களுக்கு உரிமை எதற்காம். வியாழக்கிழமைக்குள் மீன் எடுத்துக் காட்டாவிட்டால் அணை குத்தகைக்குப் போகும் என்றார் அதிகாரி. புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டை முட்டையோடு ஓடை ஏறும், அது திரும்பி இறங்கும்வரை வலையை நனைக்கக் கூடாது என்பது உங்கள் ஆட்களின் கட்டு என்று எடுத்துச் சொன்னேன்.

அவர் வடையை விழுங்கிவிட்டு, "அப்ப மீனு பூரா ஓடை வாயிலதான கெடக்கு? அங்கயே போட்டு எடுங்களேன்" என்றார்.

"வாளியிலயே அள்ளலாம் சார்" என்று குத்தகைக்காரர் சிரித்தார். பிள்ளைக்குட்டிக்காரர்கள் இருவரும்.

சங்கம் தொடங்கிய புதிதில், "மழைக்காலம் பூரா வருமானம் இல்லாம எப்படிக்கா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். "பிள்ளத்தாச்சி போற தடத்துல முள்ள வெட்டிப் போட்டுத்தானா காசு பாக்கணும் தாயி?" என்று ஒரு பார்வை பார்த்தீர்கள். அந்தப் பார்வையைத்தான் இன்று அந்த இருவர்மீதும் வைத்தேன். நீங்கள் போன பிறகு என்னிடம் தங்கியிருப்பது அதுதான். சாமி கும்பிடுகிறவள் மனிதர்களை இப்படிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். இவர்களைப் பார்க்கலாம்.

சங்கத்தில் இரண்டு பேர், ஒரே ஒரு நாள் போட்டுக் காட்டிவிடலாம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அணை போனால் கவுஞ்சி ஊர்ப் பூண்டுத் தோட்டங்களில்தான் அவர்களுக்குக் கூலி வேலை. எங்கள் தோட்டமும் அதில் ஒன்று.

ஜீப் போனதும் உங்கள் மகள் அந்த வலையைக் காலால் ஒதுக்கினாள். "போட்டா அம்மா காறித் துப்பும். போடாட்டி தண்ணியே நம்மளுது இல்ல. அம்மா கனவுல வந்து சொல்லாம நான் ஒரு முடிவும் எடுக்க மாட்டேன் சித்தி."

முருகனிடமும் கேட்டுப் பார்த்தேன். அவனுக்குப் பழனியில் கூட்டம் அதிகம்.

இன்று திங்கள். போடலாமா கூடாதா என்று அவளுக்கு வெரசாச் சொல்லிவிடுங்கள் அக்கா.