யார் காலுக்கு இந்தத் தரை?

மார்ச் 2

மூத்த பேத்தி கட்டட எஞ்சினியர். அவள் தம்பி கம்ப்யூட்டரில் இரண்டு பட்டம் வாங்கினவன். சின்னவள் நீச்சலில் கோப்பை வாங்கி வாங்கி அலமாரியில் துணி வைக்க இடமில்லை. அஞ்சாவதோடு நின்ற நான் இதையெல்லாம் பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி, இப்போது என் தலை தெரிந்தாலே ஜன்னலைச் சாத்துகிறார்கள். சாத்தட்டும். வயிற்றெரிச்சல்.

இந்த மூன்று மேதைகளுக்கும் வாசலில் காலை உதறிவிட்டு வர மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தால், பாதிக் கடற்கரையைக் காலில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "பாட்டி, தரை ஒரே சொரசொரன்னு இருக்கு, மாத்திடலாம்" என்கிறார்கள்.

மாற்ற வேண்டியதுதான், அது வேறு விஷயம். உப்புக்காற்றில் தரைப் பலகை உப்பிப்போய், கூடத்துக் கதவு பாதி திறந்து நின்றுவிடுகிறது.

மார்ச் 5

மகன் வந்தான். "எல்லாம் உனக்காகத்தாம்மா. நீ வழுக்கி விழாம நடக்கணும். நல்லா உழைக்கிற தரையாப் போட்டுடலாம்." போன வருஷம் குளியலறை வாசலில் விழுந்ததை நினைவு வைத்திருக்கிறான். ஐம்பது வயதை எட்டும்போது அம்மா ஞாபகம் வந்திருக்கிறது, பரவாயில்லை. கண் கொஞ்சம் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

தரைக் கடை. கடைக்காரர் மரப்பலகையைத் தட்டிக் காட்டி, "முப்பது வருஷம் கியாரண்டி, பாட்டிம்மா" என்றார். எனக்கே யாரும் தராத கியாரண்டி. அடுத்தது பளிங்கு, முகம் பார்க்கலாமாம். என் முகத்தை நிமிர்ந்து கண்ணாடியில் பார்ப்பது போதாதா, குனிந்தும் பார்க்கணுமா?

பிறகு மகனிடம் கேட்டார், "வீட்டுல எத்தனை பேர் புழங்குவாங்க சார்?"

"வாரத்துக்குப் பத்துப் பன்னெண்டு பேர்னு வச்சுக்கங்க. புதுப் புது ஆளுங்க. சக்கரப் பெட்டி வேற இழுப்பாங்க."

நான் மகனைப் பார்த்தேன். மகன் பளிங்கைப் பார்த்தான்.

எனக்கு இருப்பது இரண்டு கால். மற்றதெல்லாம் யாருடையது?

மார்ச் 10

கேட்கவில்லை. அவனே சொல்கிறானா பார்ப்போம்.

மார்ச் 11

சொல்லவில்லை. மூத்த பேத்தியைப் போனில் பிடித்தேன். அவளுக்குப் பொய் வராது, பாவம்.

"பாட்டி... அப்பா அந்த வீட்டை டூரிஸ்ட்டுங்களுக்கு விடலாம்னு... நீங்க எங்ககூட ஃபிளாட்டுல இருக்கலாம். பதினாலாவது மாடி. பால்கனியில நின்னா கடல் தெரியும்."

"கடல் எனக்குத் தெரியும்டி. அங்கேர்ந்து கடலுக்கு நான் தெரிவேனா?"

போனை வைத்துவிட்டேன். எனக்காகத்தானாம்! வழுக்கக் கூடாதாம்! ஆளையே வழிச்சு வெளிய தள்ளிட்டு அப்புறம் எங்கடா வழுக்குறது? — இன்னிக்கு இவ்வளவு போதும்.

மார்ச் 14

கடையிலிருந்து மாதிரித் துண்டுகள் வந்தன. எல்லாவற்றையும் வாளிக் கடல் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 17

கியாரண்டிப் பலகை ஓரத்தில் உப்பிவிட்டது. பளிங்கில் மணல் போட்டுக் குதிகாலால் தேய்த்தேன், பூனை பிராண்டின மாதிரி கோடு. ஈரக்காலை வைத்தேன், நல்லவேளை மேஜையைப் பிடித்திருந்தேன். பிளாஸ்டிக் விரிப்பு வெயிலில் சுருண்டுகொண்டது. சாம்பல் நிறச் சொரசொரப்பு டைல்ஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. பார்க்க லட்சணமில்லை. ஆகட்டுமே, பொண்ணா பார்க்கப் போறோம்?

மார்ச் 18

மகனிடம் டைல்ஸைச் சொன்னேன். சரி என்றான். அடுத்ததையும் சொன்னேன்: "வீட்டை வாடகைக்கு விடு."

வாயைத் திறந்தவன் மூட மறந்துவிட்டான்.

"கூடமும் முன்னறைகளும் அவங்களுக்கு. பின்னறை எனக்கு. சாவி என் இடுப்புல."

"அம்மா, வீட்டுக்காரங்க கூடவே இருந்தா வர்றவங்க ஃப்ரீயா இருக்க மாட்டாங்கம்மா."

"பதினாலாவது மாடியில நான் ஃப்ரீயா இருப்பேனா கண்ணா? வீடு யார் பேர்ல இருக்குன்னு மறந்துட்டியா?"

டைல்ஸ் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "நீ தனியா இருக்கேன்னு பயமா இருக்கும்மா" என்றான். அது மட்டும் உண்மை. குரலிலேயே தெரிந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தேன்: "வாரத்துக்குப் பன்னெண்டு பேர் வர்ற வீட்டுல நான் எப்படிடா தனியா இருப்பேன்?"

சிரித்துத் தொலைத்தான்.

ஏப்ரல் 20

தரை முடிந்தது. குளித்துவிட்டு ஈரக்காலோடு பின்கதவு வரை நடந்தேன். சுவரைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 26

கம்ப்யூட்டர் பேரன் வீட்டின் படத்தை வாடகைக்காரர்கள் நெட்டில் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டு, போனை என்னிடம் நீட்டினான். தரை பிரமாதம். ஜன்னலில் கடல். என் நாற்காலி இல்லை, என் செருப்பு இல்லை, நானும் இல்லை. கீழே "முழு வீடும் உங்களுக்கே" என்று இருந்ததைக் கண்ணை இடுக்கிப் படித்தேன்.

"முழுசும் யாருக்குடா?"

"அது... எல்லாரும் அப்படித்தான் பாட்டி போடுவாங்க."

"எல்லாரும் போடட்டும். நீ அதை எடு. நான் தலை வாரிட்டு வந்து கூடத்து நடுவுல நிக்கிறேன். வர்றவங்க முன்னாடியே என்னைப் பார்த்துக்கட்டும். பயந்தவங்க வேற வீடு தேடட்டும். புதுப் படம் ஒண்ணு போடு கண்ணா, இன்னிக்கே."