எட்டடி போர்ட்டிகோ

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். புழுக்கம். மில் புகை இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, கொடியில் போட்ட துணி பூராவும் கருப்புப் பொடி.

பேக்கிங்: இவர் சட்டை 4, என் புடவை 3, நாத்தனாருக்கு முறுக்கு, கருவாடு (மூன்று கவர் சுற்றி), குடை 1, டேப்.

டேப் எதற்கு? பாம்பே பில்டிங்கை அளக்கப் போகிறாராம். தங்கச்சியைப் பார்க்க என்று மில்லில் லீவு எழுதினார். நிஜத்தில் போர்ட்டிகோ மாடல் பார்க்க. வீடு கட்டப்போகிற இருபதுக்கு நாற்பது மனையில் எட்டடி போர்ட்டிகோ, இரண்டு தூண். காரா நிறுத்தப் போகிறோம்? ஓட்டை மொபெட் ஒன்று.

மனை கிழக்குப் பார்த்தது. அக்னி மூலையில் கிச்சன், அதாவது முன்பக்கம். ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான் நாங்கள், ஆனாலும் அக்னி மூலை தப்பக் கூடாது. எட்டடி முன்னால் போய்விட்டால் கிச்சனில் நான் பக்கவாட்டில்தான் நிற்கவேண்டும். வாடகை வீட்டில் ஜன்னலில்லாத அடுப்படியில் பதினெட்டு வருஷம் வெந்தாயிற்று.

காலையில் மேஸ்திரியைத் தனியாகப் பிடித்தேன். குழி தோண்டும்போது முன்னால் போர்ட்டிகோவுக்கு இரண்டடி விட்டால் போதும், மிச்சம் கிச்சனுக்கு.

"அண்ணனுக்குத் தெரியுமாக்கா?"

"அவருதான் சொல்லச் சொன்னாரு."

பொய். ஆடி முடிந்துதான் கான்கிரீட் என்றான். ஆவணி பிறப்பது ஞாயிறு. ஆக, திங்கள் போடுவான். நாங்கள் செவ்வாய் வருகிறோம். அதற்குள் இறுகியிருக்கும். அப்புறம் கத்தட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பாம்பே. மழை. ரயிலில் உட்கார்ந்து இடுப்பு போச்சு.

நாத்தனார் வீடு பத்துக்குப் பத்து, அதில் ஐந்து பேர், இப்போது ஏழு. ஜன்னல் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். கருவாட்டுக் கவரைப் பிரித்ததும் மாடி முழுக்கக் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தூறல். பார்த்தவை:

கடலோர வளைவு. யாரோ ராஜா வந்து இறங்கியதற்குக் கட்டியதாம். அவன் வந்தான், போனான். புறா மட்டும் போகவில்லை.

கப்பல் மாதிரி வளைந்த மாடி வீடுகள். உலகமே வந்து போட்டோ எடுக்கிறதாம். பால்கனி பூராவும் பனியன்.

கோர்ட்டோ காலேஜோ ஒன்று. ஊசி ஊசியாகக் கோபுரம். ஒட்டடை எப்படி அடிப்பார்கள்?

இவர் ஒவ்வொன்றின் முன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு. "தூணப் பாரு ரூபி. இன்னா வேலை." டேப்பை எடுத்துத் தூணைச் சுற்றி அளந்தார். வாட்ச்மேன் வந்து இந்தியில் ஏதோ கேட்டான். இவர் பதிலுக்குச் சிரித்தார். நான் தெரியாதவள் மாதிரி தள்ளிப் போய் நின்றேன்.

கம்பெனியில் நாள் முழுக்க கேஜ் வைத்து பிரேக் பீஸ் அளவு பார்க்கிறவள் நான். தலைமுடி அளவு தள்ளியிருந்தாலும் ரிஜெக்ட். இங்கே ஒரு சிங்கத்துக்கு மூக்கு இல்லை. ஒரு பொம்பளைச் சிலைக்குக் கை இல்லை. அதைப் பார்க்க க்யூ.

கால் வலி. செருப்பு வார் அறுந்தது.

ஆகஸ்ட் 16, சனி

பெரிய ஸ்டேஷன். கல்லில் இலை, மயில், குரங்கு, இன்னும் என்னென்னவோ. ரயில் பிடிக்க வருகிறவன் எவன் இதைப் பார்க்கப் போகிறான்.

மா. 4 வாக்கில் மழை அடித்துப் பெய்தது. எல்லோரும் முன்பக்க போர்ட்டிகோவுக்குள் ஓடினோம். மூட்டை தூக்குகிறவர், ஆபீஸ் பெண்கள், கூடையோடு மீன்காரி, நாங்கள். இவர் தூணில் சாய்ந்துகொண்டு, சும்மா பேச்சுவாக்கில்:

"யாரும் நம்மள இன்னா ஏதுன்னு கேக்கல, பாத்தியா?"

"எதுக்குக் கேக்கணும்?"

"ஆரணியாண்ட எங்கம்மா கூலிக்குப் போன ஊடு. நாலு தூணு வச்ச போர்ட்டிகோ. சாயங்காலம் கூலி வாங்கப் போயி நிக்கும். மழை பெய்யும். உள்ள அவங்க நாயி படுத்துக்கினு இருக்கும். எங்கம்மா வெளிய நனைஞ்சிக்கினு நிக்கும், என்னைய முந்தானைல மூடிக்கினு."

தூணை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"நம்மூட்டாண்ட எவன் வந்தாலும் ஒதுங்கட்டும். அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல."

டீ வாங்கப் போய்விட்டார்.

பதினெட்டு வருஷத்தில் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஊருக்குப் பவிசு காட்டத்தான் என்று நினைத்திருந்தேன். தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு நாலடி, எனக்கு நாலடி. அப்படிச் செய்யலாம்.

உடனே போன் போட்டிருக்கலாம். கையில்தான் இருந்தது. ஆனால் மேஸ்திரியிடம் பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும், அது ஆகவில்லை. நாளைக்கு ஞாயிறு, எவன் வேலை செய்யப் போகிறான். நாளை சொன்னால் போதும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை விட்டது. கா. 10 போன்.

"இப்பதான்க்கா முடிச்சோம். ஆவணி ஒண்ணு, நல்ல நேரத்துல போட்டாச்சு."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஞாயிறு உங்களுக்குத்தான்க்கா லீவு. நீங்க சொன்னாப்புல ரெண்டடிதான் உட்டுருக்கேன். அண்ணனாண்ட சொல்லிடுங்க."

முட்டாள். அவனைச் சொல்லவில்லை.

நாத்தனார் கேட்டாள், "இன்னா அண்ணி, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேகமூட்டம். கா. 11 வீடு. குடையை நாத்தனார் வீட்டிலேயே மறந்தாயிற்று.

வழி முழுக்க இவர் போனில் தூண் போட்டோ. எல்லாவற்றிலும் ஓரத்தில் நான், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு. "அளவு தெரியறதுக்கு உன்ன நிக்க வச்சேன், மேஸ்திரியாண்ட காட்டலாம்" என்கிறார்.

சொல்ல வாயெடுத்தேன். ரேணிகுண்டாவில் ஒரு தடவை. அரக்கோணத்தில் ஒரு தடவை, அப்போது இட்லி வந்துவிட்டது.

வந்ததும் டீகூடக் குடிக்கவில்லை. பையைக் கவிழ்த்து டேப்பைத் தேடி எடுத்தார்.

"குழி இன்னா ஆச்சுன்னு பாத்துட்டு வந்துர்றேன்."

"சாப்ட்டுப் போங்க."

"தோ வந்துர்றேன்."

போய்விட்டார். மனைக்கு நடந்தால் பத்து நிமிஷம்.

மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை. அங்கே ஒதுங்க இடமில்லை.