தேவநளினிக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை

செப்டெம்பர் 9, செவ்வாய்

கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. கந்தோர் மேசையில் காலையில் துடைத்த தூசி பத்து மணிக்குள் மறுபடியும். வாவிப் பக்கத்து யன்னலைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் கடதாசிகள் பறக்கின்றன. சாத்திவிட்டேன்.

நடிகை தேவநளினி காலமானார். பத்திரிகையின் உட்பக்கத்தில், சிமெந்து விளம்பரத்துக்குக் கீழே. தலைப்பு: “மதுவில் கரைந்த மகாராணி”. எழுதியவர் அவருடைய படம் ஒன்றையேனும் முழுமையாகப் பார்த்திருப்பாரா என்பது ஐயம்.

நஸீமா எட்டிப் பார்த்தார். (தட்டச்சு. ஏறாவூர். என் கோபத்துக்கு அஞ்சாத ஒரே ஊழியர்.)

“சேர், இவட படம் எண்டா எங்கட உம்மா சோறும் ஆக்க மாட்டா. கடைசியில ஊடும் இல்லாமப் போன மனிசி இவவா?”

“ஓம்.”

“சம்பாதிச்சது இவ. ஊடு ஏன் தம்பிட பேருல?”

“அவவே எழுதிக் குடுத்தா.”

“எங்கட பக்கம் மாப்புள வந்து இரிக்கிறதே பொஞ்சாதிட ஊட்டுல. தம்பிக்கு ஊடு எழுதினா ஊரே சிரிக்கும் சேர்.”

சிரித்திருக்க வேண்டும். சென்னையில் யாரும் சிரிக்கவில்லை. பாவாடை வயதில் நடிக்க வந்தவர் தேவநளினி. உழைப்பு அவருடையது, பணப்பெட்டிச் சாவிகளின் திறப்புக் கோவை முதலில் தாய்மாமனிடம், பிறகு தம்பியிடம். மணப்பெண் வேடத்தில், இரண்டு காட்சிகளுக்கு நடுவே, நாற்காலியில் அமர்ந்திருந்தவரிடம் தம்பி ஒரு கட்டுக் கடதாசியை நீட்டினான். வரிக் கணக்கு என்றானாம். கையில் மருதாணி காயவில்லை என்பதால் தாளை அவனே பிடித்துக்கொண்டான். காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்து. வீடு போயிற்று. மாடியறை ஒன்றில் வாடகைக்குக் குடியேறினார். குடி அதன் பிறகே வந்தது, அதற்கு முன்னர் அன்று. இந்த வரிசையை மாற்றி எழுதுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார்: “யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் கேட்டிருப்பேன். கேட்பதுதானே என் தொழில்.”

உண்மை. மற்றவர்கள் வசனம் பேசினார்கள், அவர் கேட்டார். அந்தக் கேட்கும் முகத்தைப் பார்க்கத்தான் இன்றும் சனம் கூடுகிறது.

நான் உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசாகச் சத்தியப் பிரமாணம் செய்த வாரம் அந்தப் பேட்டியைப் பற்றி எனக்குச் சொன்னவர் அக்கா. “வாசிச்சுக் காட்டாம ஒரு பொம்புளைட கையெழுத்தும் எடுத்திராத தம்பி.” சட்டமும் அதையே விதிக்கிறது. ஆனால் நான் ஒவ்வோர் உறுதியையும் வரிவரியாக, உரத்து, வேண்டுமானால் இரு முறை வாசிப்பது சட்டத்துக்காக அல்ல. என் தொழிலில் வெட்கப்படாமல் நினைத்துப் பார்க்க ஏதாவது உண்டென்றால் அது இதுதான். நான் நேரில் காணாத ஒரு நடிகையும் அக்காவும் சேர்ந்து தந்தது. நன்றி என்ற சொல் சிறிது. வேறு சொல் தெரியவில்லை.

மாலை. சுதன் தொலைபேசியில். அக்காவின் ஒரே மகன். கரடியனாற்றில் மனைவியின் வீட்டில் இருக்கிறான். அங்கே ஹாட்வெயார் கடை திறக்கப் போகிறானாம். அதற்கு வங்கிக் கடன் எடுக்க, கிரானில் உள்ள அக்காவின் வீடு அவன் பெயருக்கு வர வேண்டும்.

“நன்கொடை உறுதி ஒண்டு மாமா. சின்ன வேலை.”

“சீவிய உரித்து வைக்கிறதுதானே? அம்மா உயிரோட இரிக்கும் வரைக்கும் அவ அங்க இரிக்கிற உரிமை.”

“அது போட்டா வங்கி ஈட்டுக்கு எடுக்காதாம். சும்மா எழுதுங்க. அம்மா எங்க போகப் போறா?”

“அதத்தான் நானும் கேட்கிறன்.”

“உங்களுக்கு ஏலாது எண்டா வாழைச்சேனையில வேற நொத்தாரிசு ஒராள் இரிக்கார். பத்து நிமிசத்தில முடிச்சுத் தருவாராம்.”

வாசிக்காதவருக்குப் பத்து நிமிடம் தாராளம். அவரிடம் போவதைவிட என்னிடமே நடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். வரும் திங்கள், கிரானில், அக்கா வீட்டில். குரலை உயர்த்தவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு மேசையை மறுபடி துடைத்தேன்.

செப்டெம்பர் 10, புதன்

செய்ய வேண்டியவை: மூக்குக்கண்ணாடி. கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான். மனைவியின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய். சுதனின் நன்கொடை உறுதி வரைவு.

செய்தது: சு.வின் வரைவு. பிழையின்றி எழுதினேன். எனக்குப் பிடிக்காத உறுதிகளைத்தான் நான் மிகவும் கவனமாக எழுதுகிறேன்.

அக்காவை அழைத்தேன்.

“வாசிக்க வேணாம் தம்பி. எங்க வைக்கிற எண்டு காட்டு, வைக்கிறன். பொடியன் ஆசப்பட்டுட்டான்.”

“வாசிக்கச் சொல்லித் தந்தது ஆரு?”

“அது மத்தப் பொம்புளையளுக்கு. இவன் என்ட புள்ள.”

“தேவநளினிட வீட்ட எடுத்ததும் சொந்தத் தம்பிதான்.”

அக்காவின் பின்னால் கோழி கொக்கரிக்கும் சத்தம்.

“கோர்ட்டில பேசுற மாதிரி என்னட்டப் பேசாத. சாப்பிட்டயா?”

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

அந்த வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, இருந்ததும் இல்லை. பெற்றோர் இங்கத்தைய முறைப்படி மகளுக்குச் சீதனமாக எழுதினார்கள். பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த காலத்தில், இராணுவத் தேடுதல் நடந்த நாட்களில், அக்கா என்னை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றினார். வாசலில் வந்து நின்றவர்களிடம், “இது என்ட வீடு, இஞ்ச ஆம்புள ஆருமில்ல” என்றார். அத்தான், அக்காவின் கணவர், வெளியே போய்த் திரும்பி வராத வருடம் அது. அந்த முதல் மூன்று சொற்களை அவர் சொன்ன விதத்தில்தான் நான் இன்று உயிரோடிருக்கிறேன்.

அந்தச் சொற்களை அவரிடமிருந்து எடுக்கும் பத்திரத்தை இன்று நானே வரைந்தேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

காற்று. கண்ணில் மண்.

வாசகர் வட்டம் ஞாயிறன்று தே.வின் படம் திரையிடுகிறது. நான் சிறிது நேரம் பேச வேண்டும். துணிப்பதாகையைக் காட்டினார்கள்: “ஒரு நட்சத்திரத்தின் வீழ்ச்சி”. தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், “இளஞ்சந்ததிக்கு ஒரு படிப்பினையா இரிக்கும்” என்றார்.

“தம்பிமாருக்கா?” என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. பதாகை மாறாவிட்டால் நான் வரமாட்டேன் என்பதை அமைதியாக, முழு வாக்கியத்தில் சொன்னேன். அது விளங்கியது. புதிய துணியில் பெயர் மட்டும்: தேவநளினி. போதும்.

பொத்தான் நஸீமா தைத்துத் தந்தார். நூல் நீல நிறம். பரவாயில்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

நாற்காலிகள் போதவில்லை. வயதானவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். கல்லூரிப் பெண்கள் இரண்டு வரிசை. இறந்தவர் யாரென்று அவர்களுக்குப் பெயரளவில்தான் தெரியும். விளக்கை அணைத்துச் சிறிது நேரத்தில் கைத்தொலைபேசிகளின் வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைந்தது. நான் பேசிய எதனாலும் அது நடந்திருக்காது.

அக்கா பஸ்ஸில் வந்திருந்தார். என் பக்கத்தில். அடுத்து நஸீமாவும் அவருடைய உம்மாவும்.

குடும்பம் கூடி மருமகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் காட்சி. ஆளாளுக்குப் பேசுகிறார்கள். மருமகளான தே. கதவு நிலையில் கையை வைத்து, தலையைச் சற்றே சரித்து, கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான். பின்வரிசையில் ஒரு பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“ஏதாவது பேசு கா!”

மண்டபம் சிரித்தது. நஸீமாவின் உம்மா திரும்பாமலே சொன்னார்: “பேச மாட்டா மகள். நானும் குமரா இரிந்த காலத்துல இருந்து செல்லிக்கிட்டுத்தான் இரிக்கன்.”

மறுபடி சிரிப்பு. ஆனால் அடுத்த கணம் ஒருவரும் அசையவில்லை. துன்பப்பட்டவரைப் பார்த்து வரும் இரக்கம் அன்று இது. இவ்வளவு கவனமாகத் தம்மையும் யாராவது கேட்க மாட்டார்களா என்ற ஏக்கம். அவர் போன பிறகும் அந்தக் கவனம் தீர்ந்துபோகாமல் திரையில் இருக்கிறது.

கடைசிக் காட்சிக்கு முன் அக்கா எழுந்தார். “பஸ் போயிரும்.”

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மருமகள் துணி மூட்டையோடு வீட்டு வாசல் படலையைத் தாண்டி வெளியேறும் அந்தக் கடைசிக் காட்சியை அக்கா ஒருபோதும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பஸ், ஏதோ ஓர் அடுப்பு. கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

செப்டெம்பர் 15, திங்கள்

கிரான். அறுவடை முடிந்த வயல். வீட்டு முற்றம் கூட்டித் தெளித்திருந்தது. சுதன் கேக்கும் சோடாவும் கொண்டுவந்திருந்தான். சட்டைப் பையில் புதிய பேனா. சாட்சிகள்: நஸீமா, பக்கத்து வளவுப் பள்ளி ஆசிரியர்.

வாசிக்கத் தொடங்கினேன். வடக்கெல்லை, கிழக்கெல்லை. வீடு, வளவு, கிணறு, தென்னை முதலான வான்பயிர்ப் பலன்.

“மாமா, அம்மாக்கு எல்லாம் தெரியும். கடைசித் தாளக் காட்டுங்க.”

நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தேன். “இன்று முதல் மேற்படி ஆதனத்தில் எனக்கு எவ்வித உரித்தும் பாத்தியதையும் இல்லையென…”

அக்கா கதவு நிலையில் சாய்ந்திருந்தார். தலை சற்றே சரிந்து. நேற்றுத் திரையில் கண்டது. வேண்டுமென்று அல்ல, அவருக்கே தெரியாது.

“அந்த வரியத் திரும்ப வாசி.”

வாசித்தேன்.

“அப்ப கிணத்தடிக்குப் போக நான் ஆருட்டக் கேட்கிற?”

“என்னம்மா இது. நான் உங்கட புள்ளதானே.”

“மனே, நீ இப்ப இரிக்கிற வீடு ஆர்ர பேரில?”

“அவட பேரில. சீதன வீடு.”

“கல்வீடு. றோட்டுக் கர. வங்கிக்காரன் ஓடி வந்து எடுப்பான். அவட்டக் கேட்டயா?”

சுதன் பேனாவின் மூடியைத் திருகினான். பிறகு சிரிப்பாக மாற்றப் பார்த்தான். “கேட்டா அவட அம்மா வெளக்குமாத்த எடுப்பா.”

முதலில் சிரித்தவர் நஸீமா. உடனே வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவும் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் கேட்டார்:

“அப்ப, என்னட்ட வெளக்குமாறு இல்ல எண்டுதானா வந்த நீ?”

அக்கா பேனாவை அவன் கையிலிருந்து வாங்கி, மூடி, அவன் பையிலேயே செருகினார்.

“நான் செத்தா உனக்குத்தான். அதத் தம்பி எழுதட்டும், இப்பவே வைக்கிறன் கையெழுத்து. இரிக்கும் வரைக்கும் இது என்ட வீடு. கேக்க வெட்டு.”

அவன் வெட்டவில்லை, எழுந்து போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் பிரதான வீதி வரை கேட்டது. அக்கா படலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “காலையில சாப்பிட்டும் இரிக்க மாட்டான்.” கண்ணைத் துடைத்தது முந்தானையின் எந்த நுனியால் என்பதைக்கூட நான் பார்த்தேன், என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

கேக்கை ஆசிரியர் வெட்டினார். நல்ல கேக்.

திரும்பும் வழியில் நஸீமா: “சேர், அந்த நடிகைக்கும் இப்பிடி ஒராள் உரத்து வாசிச்சிருந்தா?” வண்டியின் யன்னலைச் சாத்திக்கொண்டு, தூசி என்று சொன்னேன்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

காற்று இறங்கிவிட்டது. யன்னலைத் திறந்து வேலை. தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டாயிற்று.

பத்திரிகையில் இன்று தே. பற்றி ஒரு வரியும் இல்லை. பத்திரிகை ஆசிரியருக்கு எழுத வேண்டும்: முதலில் வீடு, பிறகே குடி. பிரசுரிக்க மாட்டார்கள். எழுதுவேன்.

மாலை அக்கா.

“சுதன் வெள்ளிக்கிழமை புள்ளையளோட வாறானாம்.”

“என்னத்துக்கு?”

“அவன் செல்லல்ல. நானும் கேட்கல்ல. வரட்டும். நீயும் வா. அந்தப் படத்தையும் கொண்டு வா, கடைசி வரைக்கும் பார்ப்பம்.”

“பஸ் போயிருமே?”

“என்ட வீட்டில இருந்து படம் பார்க்க எனக்கென்னடா பஸ்?”

படத்தின் பிரதி நஸீமாவிடம் இருக்கிறது. தொலைக்காட்சியில் செருகும் வயரும் கேட்க வேண்டும்.