வட்டகொடை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன பை

வட்டகொடை,
18.11.1979.

அன்பு மகள் தெரேசாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் தம்பி றோலண்டும் சளி இருமலோடு நலம், நீ அங்கே அதுவும் இல்லாமல் நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபம் சொல்கிறோம்.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன், மூன்று தரமும் கோபம்தான் வந்தது. கிறிஸ்மஸுக்கு வரமாட்டாயாம். ரயிலை விட்டு இறங்கின இடத்திலேயே என்னை வேறு ஆளாக மாற்றித்தான் வீட்டுக்குக் கூட்டிப்போவீர்கள் என்றால் அந்த வேறு ஆளையே வைத்துப் பண்டிகை கொண்டாடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கொழும்பில் டைப் அடிக்கப் போய் இரண்டு வருஷம் ஆகவில்லை, பெற்றவளுக்கு இப்படி எழுதப் பழகிவிட்டாய். நான் என்ன பெரிய குற்றம் செய்துவிட்டேன்? ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை பின்னேரம், சம்பள நாள் வேறு, தோட்டத்து லயத்துச் சனம் முழுக்க ரோட்டில் நிற்கும், அத்தனை பேரையும் தாண்டி தேயிலை ஸ்டோர் வாசலால் நீ கடிதத்தில் எழுதியிருந்த அந்தக் காற்சட்டையோடு நடந்து வரவேண்டுமே என்று ஒரு சேலையைப் பையில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். நீயாவது சண்டை பிடித்திருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் பெண்கள் அறைக்குள் போய்ச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாய், புதன்கிழமை போகவேண்டியவள் திங்கட்கிழமையே அதே சேலையோடு ரயில் ஏறினாய். காற்சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனது மறதி என்று நினைக்க நான் ஒன்றும் அவ்வளவு மடைச்சி இல்லை.

உன்னுடைய உடுப்புக்காக நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தத் தாள் போதாது. எட்டு வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கத் தைத்த வெள்ளைக் கவுனை ஒரு கிழமை முழுக்கக் கழற்றமாட்டேன் என்று அதிலேயே தூங்கினாய், விளிம்பு முழுக்கச் சேறு. பதின்மூன்று வயதில் ஒரேயடியாக மாறி, நல்ல தாவணி இருக்க அப்பாவின் பழைய ஸ்வெட்டருக்குள் புகுந்துகொண்டு வெயில் காலத்திலும் வெளியே வரமாட்டேன் என்றாய். எழுபத்து நாலில் துணியே கிடைக்காமல் கூட்டுறவுக் கடையில் ஒரே நீலப்பூத் துணியை ஏழு யார் அளந்து வாங்கி உனக்குப் பாவாடையும் தம்பிக்குச் சட்டையும் மிச்சத்தில் ஜன்னலுக்குத் திரையும் தைத்தேன், நான் ஜன்னல் மாதிரி இருக்கிறேன் என்று அழுதாய். பிறகு பள்ளிக்கூட வெள்ளைக் கவுனை எனக்குத் தெரியாமல் இடுப்பில் பிடித்துத் தைத்தாய், அதைப் பிரித்தவளும் நான்தான். இப்போது தம்பியின் முறை. அந்த நீலப்பூத் திரையைக் கழற்றி முக்கோணமாக வெட்டித் தன் காற்சட்டைக் காலில் இரண்டு பக்கமும் வைத்துப் பெல்பொட்டம் தைத்துக்கொண்டிருக்கிறான். கேட்டால், கொழும்பில் எல்லாரும் போடுறாங்க அம்மா, அக்காவைக் கேட்டுப் பாருங்க என்கிறான். ஜன்னல் மூளியாகக் கிடக்கிறது, குளிர் நேரே என் கழுத்துக்கு வருகிறது.

அப்பாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, புள்ள வந்தாப் போதும், படங்குச் சாக்கக் கட்டிக்கிட்டு வந்தாலும் எனக்குச் சரிதான் என்றார். இருபத்து நான்கு வருஷமாக எல்லாவற்றுக்கும் இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்கிற மனுஷன்.

இனி எழுதப்போவதைத் தம்பிக்கு எழுதித் தொலைக்காதே. ஆடி மாத மழையில் ரோட்டில் மண் சரிந்து, பள்ளிக்கூடத்துக்குத் தேயிலை நடுவே குறுக்கு வழியால்தான் போகவேண்டியிருந்தது. அட்டைக் கடி தாங்க முடியவில்லை, வகுப்பில் நின்று பாடம் நடத்தும்போது சேலை விளிம்பில் இரத்தம். ஒரு நாள் உன் காற்சட்டையை எடுத்துச் சேலைக்கு உள்ளே போட்டுக்கொண்டேன், இடுப்புக்கு ஓர் ஊசி குத்தினால் சரியாகத்தான் இருந்தது. ஒரு அட்டை ஏறவில்லை, குளிரும் இல்லை. நான்காம் நாள் கல்படியில் ஏறும்போது சேலையைத் தூக்கிப் பிடித்தேன், மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காளியாயி பார்த்துவிட்டாள். அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே, ஐயோ டீச்சரம்மா, ஒங்க சேலைக்குள்ள ஒரு ஆம்பள ஒளிஞ்சிருக்கான் போல என்று மலை முழுக்கக் கேட்கக் கத்தினாள். எல்லாப் பெண்களும் கூடையோடு குலுங்கிச் சிரித்தார்கள். நான் சட்டென்று சேலையை இறக்கிவிட்டேன். அவளோ இறங்கி வந்து, எங்க வீட்டுக்காரரு சட்டைய மாட்டிக்கிட்டுத்தான் இருவது வருஷமா நான் மலைக்குப் போறேன், எந்தத் தொரை கேட்டாரு, அட்டைக்குத் தெரியுமா ஆம்பள உடுப்பு பொம்பள உடுப்பு, இது நம்ம தெரேசா புள்ளயோடதுதானே என்றாள். எப்படித் தெரியும் என்றேன். அன்னைக்கு நீங்க பையும் கையுமா ஸ்டேஷனுக்குப் போனதயும் புள்ள சேலையில மூஞ்சத் தூக்கிக்கிட்டு வந்ததயும் லயமே பாத்துச்சு, சேலைக்கு அடியில லோங்ஸ் காலு தெரிஞ்சிச்சே, பாவம் அந்தப் புள்ள, போட்டது போட்டபடி வந்திருந்தா நாங்க ரெண்டு நாளு பேசிட்டு விட்டிருப்போம் என்றாள்.

அதற்குப் பிறகு பல நாள் யோசித்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போது நானும் ஒரு கையில்லாத ரவிக்கை தைத்தேன். விடுதியில் மட்டும் போடுவேன், லீவுக்கு வரும்போது ஹட்டன் ஸ்டேஷன் வருமுன்பே ரயிலில் மாற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிடுவேன். என்னை யாரும் மாற்றச் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே செய்ததைத்தான் உன்னைச் செய்ய வைத்தேன் போலிருக்கிறது. அதற்காக எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று நினைத்துவிடாதே. தலைமயிரை இன்னும் வெட்டினால் எனக்குப் பிடிக்காது. அந்தக் காற்சட்டையின் அடிமடிப்பு அரை அங்குலம்கூட இல்லை, எவன் தைத்தான் அதை, நானே பிரித்துத் தைத்தேன். அது இனி உனக்குத் திரும்பக் கிடைக்காது. வரும்போது கறுப்பில் இன்னொன்று கொண்டுவா, என் உயரத்துக்கு இதைவிட இரண்டு அங்குலம் குறைவாக.

மாதா உன்னை எப்போதும் தன் கரத்துக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். விடுதியில் பச்சைத் தண்ணீர் குடிக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. லீவு கேட்டு உடனே எழுது, கடைசி நேரம் கேட்டால் தரமாட்டார்கள். டிசம்பர் 22ஆம் திகதி சனிக்கிழமை காலை ரயிலில் ஏறு. நான் ஸ்டேஷனில் நிற்பேன். கையில் குடை மட்டும்தான் இருக்கும், பை இருக்காது.

அன்புள்ள அம்மா,
ஜோசப்பின்